இரண்டு கோடை தாங்கும் கூரை: தார்ப்பாயை விமர்சிப்பது எப்படி?

சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை. ஐப்பசி மழைக்கு முந்தைய வாரம். வாசலில் நீலம், மஞ்சள், கறுப்பு, ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் வெள்ளியுமாகச் சுருள் சுருளாகத் தார்ப்பாய்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்த ஒரு பையன் கேட்கிறான்: “அண்ணா, மழைக்கு ஒரு தார்ப்பாய் வேணும்.”

கடைக்காரர் என்ன அளவு, என்ன நிறம் என்றெல்லாம் கேட்கவில்லை. “எத்தினி நாளைக்கு?” என்றார்.

“இந்த மழைக்கு மட்டும் தாங்குனா போதும்ணா. ஹவுஸ் ஓனர் ஷீட்டு மாத்தித் தரேன்னு சொல்லியிருக்காரு.”

“போன வருசமும் இதத்தாம்பா சொன்ன.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. பிளாஸ்டிக் பற்றி நான் படித்த கட்டுரைகள், பார்த்த ஆவணப்படங்கள், நானே எழுதிக் கிழித்துப் போட்ட ஒன்றிரண்டு கவிதைகள் எதிலும் அந்தக் கேள்வி இல்லை. எத்தனை நாளைக்கு?

இது தார்ப்பாய் பற்றிய விமர்சனக் கட்டுரை. விளையாட்டாகச் சொல்லவில்லை. நாவலுக்கு விமர்சனம் இருக்கிறது, சினிமாவுக்கு இருக்கிறது, ஹோட்டல் பிரியாணிக்குக்கூட இருக்கிறது. லட்சக்கணக்கானவர்களின் தலைக்கு மேல் இருக்கும் ஒரு பொருளுக்கு மட்டும் இல்லை. இருப்பதெல்லாம் அதைப் பற்றிய தீர்ப்புகள். தீர்ப்பும் விமர்சனமும் ஒன்றல்ல என்று நம் இலக்கியச் சூழலில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

*

பிளாஸ்டிக் விரிப்பைப் பற்றி நம்மிடம் இரண்டு விதமான எழுத்து உண்டு. முதலாவது சூழலியல் எழுத்து. அதில் பிளாஸ்டிக் என்பது சாகாவரம் பெற்ற அரக்கன். மண்ணில் மக்காது, மாட்டின் வயிற்றில் கிடக்கும், கடலில் மிதக்கும். இரண்டாவது, வறுமையைக் காட்டும் எழுத்தும் சினிமாவும். கேமரா ஒரு குடிசைப் பகுதிக்குள் நுழைந்ததும் மேலே ஒரு நீல ஷீட் படபடக்கும். அதன் வேலை அவ்வளவுதான்; ‘இவர்கள் ஏழைகள்’ என்று சொல்லிவிட்டு ஃப்ரேமை விட்டுப் போய்விடும். கலை இயக்குநருக்கு அது ஒரு செட் பிராப்பர்ட்டி.

இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டுமே அந்த ஷீட்டை வெளியே நின்று பார்க்கின்றன. கீழே படுத்துக்கொண்டு பார்த்தால் வேறு ஒன்று தெரியும். மெல்லிய, மலிவான தார்ப்பாய் நம் வெயிலில் ஒரு கோடை, மிஞ்சினால் இரண்டு கோடை தாங்கும். அதற்குள் மேல்பூச்சு பொடியாக உதிர்ந்து, கண்ணி இருக்கும் மூலைகள் கிழிந்து, நட்சத்திரம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் விழ ஆரம்பித்துவிடும். அரக்கனுக்குச் சாகாவரம் என்கிறோம். அவனை நம்பிக் குடியிருப்பவருக்கோ அவன் அற்பாயுசு.

ஒரே பொருள்தான். கூரையாக அதன் ஆயுள் இரண்டு கோடை. குப்பையாக அதன் ஆயுள் நம் எல்லாருடைய ஆயுளையும்விடக் கூட. இந்த இரண்டு ஆயுளுக்கும் நடுவில்தான் பிரச்சினை இருக்கிறது. அதைத் தொடாத எந்த எழுத்தும் பாதிதான் சொல்கிறது.

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பில் பிளாஸ்டிக் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. ஒரு கண்காட்சிக்குப் போகிறார். ஒரு பக்கம் மூலப்பொருள் உள்ளே போகிறது, மறுபக்கம் முழுமையான பொருள் வெளியே வருகிறது. மக்கள் வரிசை கட்டி அதைப் பார்க்கிறார்கள். எதுவாகவும் மாறக்கூடிய அந்த மாற்றத்தின் அதிசயம்தான் அவரை ஈர்க்கிறது. அபாரமான கட்டுரை. ஆனால் அவர் பார்த்தது பிறக்கும் பிளாஸ்டிக்கை. வயதாகும் பிளாஸ்டிக்கை அவர் பார்க்கவில்லை. கண்காட்சியில் அதற்கு இடமும் இல்லை. இயந்திரத்திலிருந்து வெளியே வந்து மூன்றாவது ஏப்ரலைச் சந்திக்கும் பிளாஸ்டிக்கைப் பார்க்க சுங்குவார்சத்திரத்துக்குத்தான் வரணும்.

*

சரி, பொருளுக்கு வருவோம். தார்ப்பாய் என்ற சொல்லே அழகானது. ‘டார்பாலின்’ என்பது கப்பல் சரக்குகளை மூடத் தார் பூசிய கித்தான் துணிக்கான பெயர். நம் ஆட்கள் அந்த ஒலியைக் காதில் வாங்கி, தார் என்றும் பாய் என்றும் பிரித்து, பொருளும் பொருந்தும்படி ஒரு தமிழ்ச் சொல் ஆக்கிவிட்டார்கள். ஈழத்தில் அதுவே தறப்பாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கே வந்து லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்கள் அதையே திர்பால் என்று கேட்கிறார்கள். கூட்ரோட்டுக் கடைக்காரருக்கு மூன்றும் ஒன்றுதான்.

இன்றைக்கு அதில் தாரும் இல்லை, கித்தானும் இல்லை. 1933இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில், வேறொரு சோதனையின்போது தற்செயலாகக் கிடைத்த மெழுகு மாதிரியான வெள்ளைப் பொருள்தான் பாலித்தீன். அதன் அடர்த்தியான வகையை நாடா நாடாவாக இழுத்துப் பாய் மாதிரியே நெசவு செய்து, இரண்டு பக்கமும் அடர்த்தி குறைந்த வகையை உருக்கிப் பூசினால் தார்ப்பாய். கையில் பிடித்து உற்றுப் பார்த்தால் ஊடும் பாவும் தெரியும். நெசவு இல்லாமல், படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்வது இன்னொரு வகை. சில்பாலின் என்ற பிராண்டு பெயரே அந்த வகைக்குப் பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது.

கடைகளில் இதன் தரத்தைச் சொல்லும் மொழி ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது. 70, 90, 120, 150, 200, 250 என்று போகும். சுருளில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டியதில்லை, தராசு போதும். 15க்கு 12 அடி தார்ப்பாய் என்றால் 180 சதுர அடி, கிட்டத்தட்ட 16.7 சதுர மீட்டர். 120 ஜி.எஸ்.எம். என்றால் ஏறத்தாழ 2 கிலோ இருக்கணும். 70 என்றால் 1.2 கிலோகூட வராது. ஓரத்தை மடித்து ஒட்டுவதில் நிஜ அளவு கொஞ்சம் குறையும் என்பதால் விரித்து அளந்தும் பார்த்துக்கொள்ளலாம். அதே சமயம் எடை ஒன்றே சாட்சி இல்லை. சுண்ணாம்புத் தூளை நிரப்பியும் எடையைக் கூட்ட முடியும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து கலந்திருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கும் தெரியாது. வெயில் மட்டும்தான் கண்டுபிடிக்கும்.

வெயில் என்ன செய்கிறது? பாலித்தீன் என்பது நீளமான சங்கிலி. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. சங்கிலி குட்டையானால் ஷீட் நெகிழ்வை இழந்து மொறுமொறுப்பாகும். நிறம் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. நீலத்தில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. கறுப்புக்கு மட்டும் ஒரு நியாயமான சலுகை கொடுக்கலாம். முறையாகக் கலந்த கார்பன் பிளாக் புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கிக்கொள்ளும். மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வருடக்கணக்காக வெயிலில் நிற்பது அதனால்தான். ஆனால் கறுப்பு, சூட்டையும் சேர்த்து விழுங்கும். ஆயுள் வேணுமா, சித்திரையில் மத்தியானத் தூக்கம் வேணுமா என்று நைட் ஷிஃப்ட்காரர்தான் முடிவு பண்ணணும். வெள்ளிப் பக்கம் உள்ளதை வாங்கினால் வெள்ளியை வானம் பார்க்க விரிக்கணும். பலர் அழகுக்காக மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

இதெல்லாம் ஏதோ வாங்குவோர் கையேடு மாதிரி இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கட்டும். ஒரு கவிதையின் சந்தத்தை எண்ணிப் பார்க்காமல் அதை விமர்சிக்க வரும் ஆளை நாம் மதிப்பதில்லை. ஷீட்டின் கிராமை எண்ணிப் பார்க்காமல் ‘பிளாஸ்டிக் நாகரிகம்’ பற்றிப் பேசுகிறவரை மட்டும் ஏன் மதிக்கிறோம்?

*

பயன்படுத்துவதில்தான் உண்மையான அறிவு இருக்கிறது. அதை எந்த நிறுவனமும் சொல்லித் தரவில்லை.

தார்ப்பாயின் முதல் எதிரி வெயில் என்றேன். இரண்டாவது எதிரி அதன் சொந்தப் படபடப்பு. காற்றில் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும் ஷீட் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். இழுத்துக் கட்டணும். ஆனால் விறைப்பாகக் கட்டினால் ஒரு பெரிய காற்றுக்குக் கண்ணி பிய்ந்துவிடும். இதற்கு நம் ஊர்களில் கண்ட தீர்வு பழைய சைக்கிள் டியூப். கண்ணிக்கும் கயிறுக்கும் நடுவில் ஒரு முழம் டியூபை முடிச்சுப் போட்டால், காற்று இழுக்கும்போது டியூப் நீண்டு கொடுக்கும், விட்டதும் சுருங்கும். அதேபோல மூங்கில் முனை ஷீட்டைத் துளைக்காமல் இருக்கப் பழைய ரப்பர் செருப்பைத் துண்டாக்கி இடையில் வைப்பது. ஒரு கட்டடக்கலை மாணவர் இதை வரைந்தால் ‘டீடெய்ல் டிராயிங்’. லைன் வீட்டில் ஒருவர் செய்தால் ‘ஏதோ சமாளிக்கிறாங்க’.

மூன்றாவது எதிரி தேங்கும் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் நின்றாலே 10 லிட்டர், அதாவது 10 கிலோ. நடுவில் குழி விழுந்து ஒரு சாண் ஆழம் தேங்கினால் அந்த இடம் ஒரு மூட்டை அரிசி கணக்கு. அதனால்தான் நடு ராத்திரி மழையில் எழுந்து, துடைப்பக்கட்டையால் கீழேயிருந்து ஷீட்டைத் தூக்கித் தண்ணீரைத் தள்ளிவிடுகிறார்கள். சரிவு போதாத கூரையில் அந்தச் சரிவைக் கொடுப்பது ஒரு மனிதக் கை.

எனக்குப் பிடித்த கலவை ஒன்று உண்டு. தென்னங்கீற்றும் பாலித்தீன் ஷீட்டும். கீற்றுக்கு அடியில் ஷீட்டை விரித்துவிடுவார்கள். மழையை ஷீட் நிறுத்தும். வெயிலைக் கீற்று நிறுத்தும். கீற்றின் நிழலில் ஷீட்டுக்கு ஆயுள் கூடும். வீட்டுக்குள் சூடும் குறையும். தனித்தனியாக இரண்டும் பலவீனமானவை, ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும். ‘இயற்கைப் பொருளா, செயற்கைப் பொருளா’ என்ற பட்டிமன்றம் அந்தக் கூரையில் முடிந்துவிடுகிறது.

ஆனால் கீற்றைப் பற்றி ரொம்பவும் உருக வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை கீற்று. ‘பாட்டி காலத்தில் எல்லாம் இயற்கையாக இருந்தது’ என்று எழுதும்போது அந்தத் தேதி நினைவில் இருக்கணும். ஷீட்டும் தீக்கு நண்பன் இல்லை. உருகி, எரிந்தபடியே சொட்டும். அடுப்புக்கு மேலே அதை விரிப்பது கூடவே கூடாது. எந்தப் பொருளும் புனிதமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு.

*

அடுத்தது பராமரிப்பு. கழுவப் பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். தின்னரும் மண்ணெண்ணெயும் வேண்டாம். ஈரத்தோடு மடிக்கக் கூடாது. ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் விரிசல் விடும். அதனால் சுருட்டி வைப்பது நல்லது. கிழிந்தால் பசை உதவாது. பாலித்தீனின் மேற்பரப்பு எந்தச் சாதாரணப் பசையையும் ஒட்டவிடாது. வீட்டில் மெழுகுவர்த்தியும் ஹேக்ஸா பிளேடும் வைத்துப் பொட்டலம் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு வழி தெரியும்: சூட்டால்தான் ஒட்டணும். கிழிசலின் மேல் அதே ஷீட்டின் துண்டை வைத்து, நடுவில் செய்தித்தாள் போட்டு, அளவான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவார்கள். இல்லாவிட்டால் தார்ப்பாய்க்கென்றே விற்கும் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டுவார்கள்.

இந்த வேலைகளை யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள், அல்லது அறையில் அன்றைக்கு வார விடுமுறை கிடைத்த ஆள். இங்கேதான் என் முக்கியமான புகார். ஒரு தார்ப்பாய் வாழ்க்கையில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பராமரிப்பவர் ஒருவர். ஒருவரே இரண்டையும் செய்தால் 200 ஜி.எஸ்.எம். வாங்குவார், சைக்கிள் டியூப் கட்டுவார், நாலு வருடம் ஓட்டுவார். தேர்ந்தெடுப்பவர் ஒழுகும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு மேல் போட ஏதாவது ஒன்று வாங்கிக் கொடுக்கும் வீட்டு உரிமையாளராகவோ, டெண்டரில் குறைந்த விலைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரியாகவோ, நிவாரணப் பொட்டலம் கட்டும் நல்ல மனசுக்காரராகவோ இருந்தால் 70தான் வரும். கீழே இருப்பவர் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டாலும் அது இரண்டு கோடைக்கு மேல் போகாது. அப்புறம் குப்பை. அந்தக் குப்பைக்கான பழியும் கீழே இருந்தவருக்கே வரும்.

*

கூரையிலிருந்து வீட்டுக்குள் வந்தால் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. இந்தத் தொழிற்பாதையில் செய்யப்படும் பொருட்கள் எல்லாமே பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வருகின்றன. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய நீலப் படலம், செல்போன் திரையில் ஒட்டியது, கண்ணாடியில் ஒட்டியது. பயணத்தில் கீறல் விழாமல் இருக்க ஒட்டியவை. வீட்டுக்கு வந்ததும் உரித்துவிட வேண்டும். நம் வீடுகளில் யார் உரிக்கிறார்கள்? ‘புதுசா இருக்கட்டும்’ என்று விட்டுவிடுகிறோம். சூட்டில் பசை இறுகி, இரண்டு வருடம் கழித்து உரித்தால் பாதி படலம் கையில், பாதி கதவில். காப்பாற்ற வந்ததே கறையாகிறது.

மாடிப் படிக்கட்டுக்கு மேல் போடும் பாலிகார்பனேட் ஷீட்டிலும் இதே தப்பு நடக்கும். பொதுவாக அதன் ஒரு பக்கத்தில்தான் புற ஊதாப் பூச்சு இருக்கும். எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய படலத்தில் அச்சடித்திருப்பார்கள். அந்தப் பக்கம்தான் வானத்தைப் பார்க்கணும். பொருத்தி முடித்ததும் படலத்தை உரிக்கணும். சூட்டில் ஷீட் நீளும். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி வித்தியாசத்தில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் விரியும். அதனால் திருகாணி ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போடணும். இல்லாவிட்டால் ஷீட் தனக்கான இடத்தை வெடித்து எடுத்துக்கொள்ளும். தரையில் விரிக்கும் ‘லினோலியம்’ என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் லினோலியம் இல்லை. அந்தப் பெயர் ஆளிவிதை எண்ணெயிலிருந்து வந்தது. நம் தரையில் கிடப்பது பி.வி.சி. அதை வளைய வைக்கச் சேர்த்த எண்ணெய்ப்பசை மெல்ல மெல்ல வெளியேறும். அதனால்தான் பழைய விரிப்பு முதலில் பிசுபிசுத்து, பிறகு விறைத்து, மூலையில் வெடிக்கிறது.

நம் ஊரில் கடைசியாக வரும் ஷீட் ஃப்ளெக்ஸ் பேனர். பாலியெஸ்டர் வலையின் மேல் பி.வி.சி. பூசியது. விழா முடிந்ததும் கழற்றி ஆட்டுக்கொட்டகைக்கும் குளியல் மறைப்புக்கும் கூரைக்கும் போய்விடும். அச்சு உதிராமல் இருக்க முகப்பை உள்பக்கம் வைத்துக் கட்டியிருப்பார்கள். தலைவரின் சிரிப்பு தூளியில் தூங்கும் குழந்தையை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். மறைப்பாகப் பயன்படுத்தலாம், தப்பில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகவோ தானியம் காய வைக்கவோ வேண்டாம். எரிக்கவே கூடாது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டயாக்ஸின் வரும்.

*

இப்போது அரசின் எழுத்து. தமிழ்நாட்டின் பிளாஸ்டிக் தடை ஆணை 2018 ஜூன் 25 அன்று வந்தது. நடைமுறைக்கு வந்தது 2019 ஜனவரி 1. தடை செய்யப்பட்டவை 14 வகை. அந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்க. உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், கப், தட்டு, உறிஞ்சுகுழல், பை, கொடி. பெரும்பாலும் நிமிடங்களில் பயன்பட்டு முடியும் பொருட்கள். பயன் ஆயுள் பத்து நிமிடம், குப்பை ஆயுள் தலைமுறைகள். அந்த அளவில் பட்டியலின் தர்க்கம் சரி. என் வாசிப்பில் அது தமிழில் பிளாஸ்டிக் பற்றி எழுதப்பட்ட நேர்மையான பிரதிகளில் ஒன்று. ஏனென்றால், ஒரு பொருளை அதன் பயன் ஆயுளை வைத்தும் அது மதிப்பிடுகிறது.

ஆனால் அதற்கு நடுவில் நடந்ததைப் பாருங்க. ஆணை வந்ததற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையில், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டாவில் வீடு இழந்தவர்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தவற்றில் அரிசியோடு தார்ப்பாயும் ஒன்று. தமிழ்நாடு முழுக்கவிருந்து லாரிகளில் தார்ப்பாய் போனது. ஒரே பருவத்தில் நாம் பிளாஸ்டிக் தாளுக்குத் தடை போட்டோம். பிளாஸ்டிக் தாளுக்குக் கை நீட்டி நின்றோம். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. இரண்டும் வேறு வேறு ஆயுள் உள்ள தாள்கள். நம்மிடம் குறையாக இருந்தது வேறு: போன தார்ப்பாய் எத்தனை ஜி.எஸ்.எம்., அடுத்த மழைக்கு அது இருக்குமா, அதற்குள் கூரை வருமா என்று கேட்கிற எழுத்து.

மத்திய அரசின் விதி 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பேனர்களைத் தடை செய்கிறது. நம் தெருவில் நிற்கும் ஃப்ளெக்ஸ் பொதுவாக அதைவிடத் தடிமன். மெல்லியது போகணும், தடிமனானது நிற்கலாம் என்பது விதியின் கணக்கு. ஆனால் தடிமனான பேனரும் மூன்று நாள் கல்யாணத்துக்குத்தான் அச்சாகிறது. மைக்ரானை அளந்த விதி, நாளை அளக்கவில்லை. மாநிலப் பட்டியலில் இருந்த தர்க்கம் இதில் கை நழுவிவிட்டது.

*

எத்தனை நாளைக்கு என்ற கேள்வி தமிழில் மிகக் கொடூரமாகக் கேட்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. 2009இல் வன்னிப் போரின் முடிவில் வவுனியா செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடாரங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில். மாதக்கணக்குக்கென்று விரிக்கப்படும் ஷீட்டின் அடியில் சிலருக்கு மூன்று வருடம் போனது. போருக்குப் பிந்தைய ஈழ எழுத்தில் தறப்பாள் என்ற சொல் வரும்போதெல்லாம் அது ஒரு பொருளின் பெயராக நிற்பதில்லை. ஒரு காலத்தின் பெயராக நிற்கிறது. நம் நீல ஷீட் சினிமா இதைக் கற்றுக்கொள்ளலாம்.

சுங்குவார்சத்திரத்தை அதோடு ஒப்பிடவில்லை, ஒப்பிடக் கூடாது. ஆனால் ‘தற்காலிகம்’ என்ற சொல் இங்கேயும் வேறு விதமாக நீள்கிறது. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரத்துக்காகவும் ஊதியத்துக்காகவும் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். நாடே கவனித்த அந்தப் போராட்டத்தின் முகவரி, ஆலைக்கு வெளியே போட்ட ஒரு பந்தல். சொந்தக் கட்டடம் இல்லாதவர்கள் ஓர் இடத்தில் கூடி நிற்க வேண்டுமென்றால் மேலே எதையாவது விரித்தாகணும். அக்டோபர் இரண்டாவது வாரம் போலீஸ் அந்தப் பந்தலை அகற்றியது. பந்தல் போன பிறகும் போராட்டம் நடந்து, 37 நாட்களுக்குப் பிறகு அக்டோபர் 15 அன்று முடிந்தது. ஒரு மேல்விரிப்பு அற்பப் பொருளாக இருந்திருந்தால் அதைக் கழற்ற அத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியை அரசு திறந்தது. கான்கிரீட், மாடி, கட்டில். நல்ல விஷயம், வரவேற்கணும். ஆனால் இந்தச் சாலையின் இரு பக்கமும் லைன் வீடுகளில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு விடுதி போதாது. ஒப்பந்தம், பயிற்சி, அப்புறம் இன்னொரு ஒப்பந்தம் என்று போகும் வேலைக்காரர் ஒருவர் 250 ஜி.எஸ்.எம். தார்ப்பாய் வாங்க மாட்டார். அவர் கஞ்சர் இல்லை. நாலு வருடம் தாங்கும் ஷீட்டை வாங்க நாலு வருடம் அதே இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கை வேணும். மலிவான ஷீட் ஒரு ரசனை இல்லை, அறியாமையும் இல்லை. அது ஒரு கணக்கு. வேலையின் ஆயுளையும் வாடகையின் ஆயுளையும் கூட்டிப் பார்த்து அவர் வாங்குகிறார்.

*

இனி நான் தார்ப்பாயை எப்படி விமர்சிப்பேன் என்று சொல்லிவிடுகிறேன். அது பிளாஸ்டிக் என்பதற்காகத் திட்ட மாட்டேன். அது ஏழ்மையின் குறியீடு என்று உருகவும் மாட்டேன். மூன்று கேள்விகள் கேட்பேன். இதைத் தேர்ந்தெடுத்தது யார்? இதைப் பராமரிப்பது யார்? எத்தனை நாளைக்கு என்று சொல்லி விரித்தார்கள், எத்தனை நாளாகக் கிடக்கிறது? மூன்றாவது கேள்வியின் இரண்டு விடைகளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் விமர்சனத்துக்கு உரிய இடம். அங்கே யாரோ ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருக்கிறார். ஷீட் அவருக்குப் பதிலாக வெயிலில் நிற்கிறது.

சூழலியல் நண்பர்களும் இந்தக் கணக்கில் வந்துவிடுவார்கள். இரண்டு கோடை ஷீட்டுகள் நாலு வாங்குகிற இடத்தில் நல்ல கூரை ஒன்று இருந்தால், நாலு ஷீட் குப்பை இல்லை. குப்பையைக் குறைக்கும் வழி, கூரை கேட்பவரின் கோரிக்கையோடு ஒரே தெருவில்தான் இருக்கிறது.

அந்தப் பையன் கடைசியில் என்ன வாங்கினான் என்று சொல்லவில்லையே. முதலில் மெல்லியதைத்தான் எடுத்தான். கடைக்காரர் அதையும் இன்னொன்றையும் தராசில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். பையன் எண்களைப் பார்த்தான், போனில் கணக்குப் போட்டான், அறையில் யாருக்கோ போன் பண்ணி, “மச்சான், ஆளுக்குக் கொஞ்சம் கூடப் போடலாமாடா?” என்று கேட்டான். கனமானதை எடுத்துக்கொண்டான்.

“ஓனர் ஷீட்டு மாத்துனா இத ஊருக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்ணா,” என்றான்.

“எடுத்துட்டுப் போ. ஈரத்தோட மடிச்சுடாத,” என்றார் அவர்.